மறு: மறு: மறு: எர்கோனாமிக்ஸ் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

செ. எழுதியது:

வணக்கம். பாலிடெக்னிக் இன்ஸ்ட்ருமென்டேஷன் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டுப்பாட்டு அறை வடிவமைப்பு பற்றிய பாடத்தில் வேலையையும் கருவியையும் ஆளுக்கு ஏற்றபடி அமைக்கும் துறைக்கு எர்கோனாமிக்ஸ், ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்ற இரண்டு பெயர்களும் மாறி மாறி வருகின்றன. இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். முதலாவதற்குப் ‘பணிச்சூழலியல்’ புழக்கத்தில் இருக்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், “மரம் நடுறதா மிஸ்?” என்றான் ஒரு பையன். இரண்டாவதற்கு ‘மனிதக் காரணிகள்’ போடலாமா?

இரா. எழுதியது:

போடாதீர்கள் அம்மா. ‘விபத்தில் மனிதக் காரணி’ என்றால் பழி ஆபரேட்டர் தலையில் விழும். அந்தப் பழி நியாயமா என்று கேட்கிற துறைக்கு இப்படி ஒரு பெயரா?

1979 மார்ச் 28, பென்சில்வேனியா, த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் தணிக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் அதற்கான விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். ‘மூடு’ என்ற கட்டளை போய்விட்டது என்பதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட விளக்கே இல்லை! இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள். இதில் யார் காரணி?

நான் அனல்மின் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவன். எங்கள் பேனலில் ஒரே மாதிரி இரண்டு சுவிட்ச் ஒட்டி ஒட்டி இருக்கும். யாரோ ஒன்றில் மட்டும் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி அசிங்கமாக இருக்கிறதென்று பிய்த்துப் போட்டார். மறுநாள் இரவு ஷிப்டில் டேப் திரும்ப வந்துவிட்டது. “இப்பத்தான் கைக்கு வாகா இருக்கு” என்றார்கள். ‘வாகியல்’ என்றால் என்ன குறைந்துபோகும்?

மு. எழுதியது:

ஐயா, ‘வாகு’ நம் சொல்தானா? தோளைக் குறிக்கும் பாகு என்ற வடசொல் வாகு ஆகித்தான் வீரவாகு வந்தார். எர்கோன் வேலை, நோமோஸ் விதி; 1857இலேயே போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி சேர்த்துவிட்டார். நாமும் அப்படிச் சேர்ப்போம்: ‘வினையியைபு’. இயைபு தொல்காப்பியர் சொன்ன எட்டு வனப்பில் ஒன்று. வள்ளுவரும் ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்று இதைத்தானே சொன்னார்?

இரா. எழுதியது:

தோளைக் குறிக்கும் வாகு வேறு, ‘உடல்வாகு’ வேறு. அரிவாள் பிடி வாகாக இல்லை என்கிற கிழவியிடம் போய் வீரவாகுவைப் பற்றிப் பேசுங்கள்.

வள்ளுவர் வேலைக்கு ஏற்ற ஆளைத் தேடச் சொன்னார். இங்கே ஆளுக்கு ஏற்றபடி வேலையைச் செய்துவைக்கச் சொல்கிறோம், நேர் எதிர்த் திசை. 1943இல் பி-17 குண்டுவீச்சு விமானத்தில் இறங்கியபின் ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பை, மடக்கப் போய்ச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி கைப்பிடிகள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியைத் திட்டவில்லை. ஒன்றுக்குச் சக்கர வடிவில் குமிழ், இன்னொன்றுக்கு ஆப்பு வடிவம். இருட்டிலும் தடவினால் தெரியும்.

செ. எழுதியது:

‘வினையியைபு’ என்றால் பிள்ளைகள் வேதியியலுக்குப் போய்விடுவார்கள் ஐயா, அங்கே இயைபு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இரா. சாருக்கும் ஒரு கேள்வி. குமிழைத் தடவித் தெரிந்துகொள்வது வாகு. த்ரீ மைல் ஐலண்ட் விளக்கு கைக்கு எட்டாமலா போனது? பார்த்ததைப் புரிந்துகொண்டதில்தானே கோளாறு? அதற்கு வாகு தாங்குமா?

இரா. எழுதியது:

தாங்காது என்று ஒப்புக்கொள்கிறேன். பாதிக்குத் தாங்கும்.

செ. எழுதியது:

பாதிச் சொல்லை வைத்து முழுப் புத்தகம் போட முடியாது. பாடத்தலைப்பு ‘இயக்குநருக்கு ஏற்ற கட்டுப்பாட்டு அறை’. உள்ளே ‘பணிச்சூழலியல்’, மரம் நடுவது இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். ஹியூமன் ஃபேக்டர்ஸ் வருகிற இடத்திலும் அதையே போட்டுவிட்டேன். ஃபைல் இன்று மாலை போகிறது.

கா. எழுதியது:

இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ‘இயக்குநர்’ என்றால் என் மாணவர்களுக்கு சினிமா எடுப்பவர்தான். ‘இயக்குபவர்’ ஆக்குங்கள், நேரமிருந்தால்.

மு. எழுதியது:

செ. ‘நர்’ என்று எழுதியது சரி. பெறுநர், ஓட்டுநர் போல. இதே குழுவில் ‘இயக்குனர்’ என்று எழுதுகிறவர்களைப் பற்றித் தனித் திரி தொடங்குகிறேன். வினையியைபை நான் கைவிடவில்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன்.