பின்னால் டிஸ்க் போட்டால் பிரேக் தூரம் பாதியாகுமா?

வெட்டாறு
நேற்று மன்னை மைனர் தன் பழைய ஹோண்டா சிட்டி விடெக் படத்தைப் போட்டு இப்படி எழுதியிருந்தார்: "பின்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டுச் சென்னை புதுப்பேட்டையில் எடுத்த டிஸ்க் பிரேக் செட்டை மாட்டியாச்சு. 100 கி.மீ. வேகத்தில் மிதித்தாலும் முன்பு ஆன தூரத்தில் பாதியிலேயே நிற்கிறது." கீழே வரிசையாகக் கைதட்டல். பாதியா? யாருக்குமே உறுத்தவில்லையா? நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் 100-லிருந்து நிற்க 40 முதல் 50 மீட்டர் ஆகும். அதில் பாதி என்றால் 20, 25. அதற்குப் புவியீர்ப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் பிடிமானம் வேண்டும். அது ரேஸ் கார் கணக்கு. கம்பெனி பிரேக்கே சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். பூட்டிய பிறகு டயரும் ரோடும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், பின்னால் தங்கத்தில் டிஸ்க் போட்டாலும்.

மன்னை மைனர்
அண்ணே, கணக்குப் போட்டவர் என் வண்டியில் உட்கார்ந்தாரா? திருச்சி நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். முன்பு மிதித்தால் இழுத்துக்கொண்டே போகும். இப்போது டக்கென்று நிற்கிறது. பாதி என்றால் பாதிதான். 106 குதிரை வண்டி இது, உங்கள் டீசல் டப்பா இல்லை.

நாகை உப்புக்காற்று
மைனர், சண்டைக்கு வரவில்லை. பழைய டிரம்மில் லைனிங் (உராய்கிற பட்டை) எந்த லட்சணத்தில் இருந்தது? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரி, ஈரம் குடித்துவிட்டால் 140. டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பாதிப் பேர் அதை "பிரேக் பத்தவில்லை" என்று நினைத்துக்கொண்டு டிஸ்க்கைத் தேடி ஓடுகிறார்கள்.

மன்னை மைனர்
ஆயில், முன் பேடு, ஹோஸ் எல்லாம் சேர்த்தேதான் மாற்றினேன். அரைகுறை வேலை பார்க்கிற பழக்கம் நமக்கில்லை.

வெட்டாறு
வந்துவிட்டதா! ஆயில் புதுசு, பேடு புதுசு, ஹோஸ் புதுசு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், டயரும் புதுசு, பக்கவாட்டு ரப்பர் முடிகூட இன்னும் போகவில்லை. புகழ் மட்டும் பின் டிஸ்க்குக்கு. மிதிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, முக்கால்வாசி வேலையை முன்சக்கரம்தான் செய்கிறது. மிச்சக் கால்வாசியில் கைவைத்தவர் மொத்தத்தில் பாதியைக் குறைத்துவிட்டாராம்! அதிலும் சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லாத வண்டி. பின் பிரேக் தூக்கலாகிப்போனால் பின்சக்கரம் முதலில் பூட்டும், வால் முன்னால் வந்துவிடும்.

டிரம் ரசிகன்
இன்னொன்று: டிரம்மின் உள்ளே அழுத்துகிற ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானாகவே இறுகும். டிஸ்க்கில் அது கிடையாது. பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கிற வால்வும் டிரம்மை மனதில் வைத்து வைத்தது. அதே வால்வு, பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற அதே மாஸ்டர் சிலிண்டர் என்றால் டிஸ்க் முன்பைவிடக் குறைவாகவே பிடிக்க வாய்ப்பு உண்டு.

மன்னை மைனர்
ஒருவர் அதிகமாகப் பிடித்துச் சுற்றும் என்கிறார், ஒருவர் குறைவாகப் பிடிக்கும் என்கிறார். முதலில் நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அதுவரை என் வண்டி பாதித் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

வெட்டாறு
டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரின் பிஸ்டன் அளவைப் பொறுத்து இரண்டில் எதுவும் நடக்கும். அளந்தீர்களா? அளந்திருக்க மாட்டீர்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

மன்னை மைனர்
டெல்டாவில் ஹேண்ட் பிரேக் எதற்கு? மேடு எங்கே இருக்கிறது?

குடவாசல்காரர்
மேடே இல்லாத ஊரில் டிஸ்க் மட்டும் எதற்கு தம்பி? பெரிய டிஸ்க்கின் பலனே சூடு தாங்குவதுதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி இறங்குகிறவன் போட்டால் அர்த்தம் உண்டு. நம் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்துக்கு எந்த டிஸ்க்கும் ஐஸ் ஆகிவிடும். ரோடு முழுக்க நெல்லைக் காயப்போட்டு வைத்திருக்கிறார்கள், அதன்மேல் ஏறினால் டிரம்மும் வழுக்கும், டிஸ்க்கும் வழுக்கும்.

வரப்பு
நெல்லை எதற்கு இழுக்கிறீர்கள்? கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். களம் கட்டிக்கொடுங்கள், ரோட்டுக்கு வரமாட்டோம். காரில் போகிறவர்கள் 40-ல் போனால் டிரம்மே போதும்.

குடவாசல்காரர்
ராத்திரியில் நெல்லைச் சுற்றிக் கருங்கல்லை வரிசையாக வைக்கிறீர்களே, அதில் பைக் விட்டு விழுந்தவனைக் கேளுங்கள்.

வரப்பு
கல் வைக்காவிட்டால் நெல்லின்மேல் லாரியை விடுகிறீர்கள். ஆறு மாத உழைப்பு ஐயா அது.

வெட்டாறு
நெல்லுக்குத் தனியாக ஒரு இழை போட்டுக்கொள்ளுங்கள். பாதிக்கு வருவோம். சக்கரம் பூட்டுகிற எல்லைக்கு முன்பும் போனது, இப்போதும் போகிறது என்றால் தூரம் டயரைப் பொறுத்தது. மைனர், பழைய டயரை மாட்டி, அதே ரோட்டில் டேப் வைத்து அளந்து போடுங்கள். எங்கிருந்து அளக்கிறீர்கள், கண்ணால் பார்த்த இடத்திலிருந்தா, கால் வைத்த இடத்திலிருந்தா என்பதையும் எழுதுங்கள்.

மன்னை மைனர்
என் வண்டிக்கு நீங்கள் என்ன ஆர்டிஓவா? போன வருஷம் எனக்கு நீங்கள் விற்ற அலாய் வீலை முதலில் அளந்து போடுங்கள். நாலில் ஒன்று முட்டை. பேலன்ஸிங் கடைக்காரர் பார்த்துச் சிரித்தார்.

வெட்டாறு
விற்கும்போது வட்டமாகத்தான் இருந்தது. குழியில் விட்டது யார் என்று ஊருக்கே தெரியும். பேச்சை மாற்ற வேண்டாம். பாதி?

நாகை உப்புக்காற்று
எங்கள் கடற்கரைப் பக்கம் பின் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கம் அதிகம் உழைக்காததால் டிஸ்க்கில் படிகிற துரு தேய்ந்து போகாது. காலிப்பர் நகர்கிற ஊசி (pin) இறுகி ஒரு பேடு மட்டும் தேயும். சிலிகான் கிரீஸ் வைக்காமல் மாட்டாதீர்கள்.

மன்னை மைனர்
எங்கள் மாமா அம்பாசடர் காலத்திலிருந்து பிரேக் வேலை பார்க்கிறவர். அவர் மாட்டியது துருப்பிடிக்காது. பாதித் தூரம் என்று அவரும்தான் சொன்னார்.

வெட்டாறு
மாமா சொன்னார் என்பதற்காக உராய்வு விதி மாறாது. 40 மீட்டரில் பாதி 20. இரண்டு லாரி நீளம்தான் இருக்கும். கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள்.

மன்னை மைனர்
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்குத்தான் 40 மீட்டர் வேண்டும்.

டிரம் ரசிகன்
மைனர், கழற்றிய டிரம்மும் பேக்பிளேட்டும் கையில் இருக்கிறதா? கும்பகோணத்தில் என் சிட்டிக்குத் தேவைப்படுகிறது. விலை சொல்லுங்கள்.

மன்னை மைனர்
இருக்கிறது. குறைவாகப் பிடிக்கும் என்று சொன்ன வாய்க்கு இரட்டை விலை.

வெட்டாறு
வாங்குவதற்கு முன்னால் லைனிங்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாதிகூட மிஞ்சியிருக்காது.