துலக்கப் பழகிய பிறகுதான் கிளிப்பா?

தேன்சிட்டு:
மகனுக்கு 11 வயது. மேலே சிங்கப்பல் தள்ளிக்கொண்டு வருகிறது, கீழே முன்பற்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பல் சீரமைப்பு மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரே ஆயிற்று, அச்சு எடுத்தாயிற்று, கிளிப் போட நாளும் குறித்தாயிற்று. நான் விடுப்பு எடுத்து, ஒரு மாதமாக அவனுக்குத் தைரியம் சொல்லித் தேற்றிக் கூட்டிப் போனால், மருத்துவர் ஈறோரத்தில் ஒரு கருவியால் மெல்ல இழுத்தார். நுனியில் மாவு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்ததை என்னிடம் நீட்டிக் காட்டினார். "இந்த வாயில் கிளிப் ஒட்ட மாட்டேன். மூன்று மாதம் ஒழுங்காகத் துலக்கிவிட்டு வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்காரர் வேறு மருத்துவரைப் பார்க்கலாம் என்கிறார். அவர் செய்தது சரிதானா?

ரெட்டைவால்_அம்மா:
சரிதான். எங்களுக்கு இப்படி ஒருவர் வாய்க்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

என் மகளுக்கு இரண்டு வருடம் கிளிப் இருந்தது. கழற்றிய அன்று பற்கள் அழகாக வரிசையில் நின்றன. வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் நிறுத்திப் பார்த்தேன். முன்பல் ஒவ்வொன்றின் நடுவிலும், பிராக்கெட் (கம்பியைப் பிடித்திருக்கும் சின்னத் துண்டு) ஒட்டியிருந்த இடம் மட்டும் ஒரு சின்னச் சதுரமாக நல்ல நிறத்தில் இருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு. கிளிப்பைச் சுற்றித் தங்கிய அழுக்கிலிருந்த கிருமிகள் அமிலத்தால் எனாமலில் உள்ள தாதுவைக் கரைத்துவிட்டன. இந்தத் திட்டு தோன்ற ஒரு மாதமே போதும் என்று பிறகு சொன்னார்கள். கொஞ்சம் மங்கும், முழுதாகப் போகாது. கோணல் பல்லைக் கொடுத்து வெள்ளைத் திட்டை வாங்கி வந்தோம்.

கறார்_அப்பா:
நான் முழுக்க மறுக்கிறேன். 11 வயதில் எந்தப் பையன் ஒழுங்காகப் பல் துலக்குகிறான்? எல்லாரையும் இப்படித் திருப்பி அனுப்பினால் ஊரில் ஒருவருக்கும் கிளிப் இருக்காது. என் மகனும் அப்படித்தான் இருந்தான். கிளிப் போட்ட பிறகு கண்ணாடியில் கம்பிக்குள் சிக்கியதைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாகி, தானாகவே துலக்க ஆரம்பித்தான். நீரில் இறங்காமல் நீச்சல் வருமா? வளரும் வயதில் எலும்பு இளகி இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். மூன்று மாதம் ஆறு மாதமாகும், ஆறு ஒரு வருடமாகும். நாளைக்குப் பல் கெட்டால் பழி தன்மேல் வரக்கூடாது என்று முன்கூட்டியே கை கழுவுகிறார் அந்த மருத்துவர். அவ்வளவுதான்.

பல்லாண்டு:
பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. கறார் சார் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறார்.

வயது முக்கியம்தான், ஆனால் எதற்கு என்று பார்க்க வேண்டும். மேல்தாடை குறுகி, கடிக்கும்போது மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக விழுந்தால், அல்லது கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அங்கே காலம் தள்ளக் கூடாது. முதல் பரிசோதனைக்கு 7 வயதிலேயே காட்டுங்கள் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் சொல்வது இதைக் கண்டுபிடிக்கத்தான். அந்த வயதில் கிளிப் மாட்டுவதற்கு அல்ல. முன்பல் ரொம்பவே துருத்தியிருந்தாலும் சீக்கிரம் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, முன்கூட்டியே செய்தால் விழுந்து அடிபட்டு முன்பல் உடைவது குறைகிறது. மற்றபடி பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்வதைவிடப் பெரிய லாபம் தெரியவில்லை.

தேன்சிட்டு சொல்வது இடநெருக்கடி. 40 வயதிலும் இதற்குக் கிளிப் போட்டுக்கொள்கிறார்கள். பல் நகர்வதே மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மொத்தச் சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு வருடம். அதில் மூன்று மாதத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தாடையில் வேறு குறை இல்லையே என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கறார்_அப்பா:
மூன்று மாதம் என்றால் சரி. மூன்று மாதம் கழித்தும் அதே மாவு வந்தால்? மறுபடி மூன்றா? பையனுக்குத் தான் ஒரு பரீட்சையில் தோற்றவன் என்று மனதில் பதிந்துவிடும். பிள்ளை துலக்கவில்லை என்றால் பெற்றவர் துலக்கிவிட வேண்டியதுதானே! இரண்டு நிமிட வேலை. நான் முதல் மாதம் முழுவதும் இரவில் டார்ச் அடித்துத் துலக்கிவிட்டேன்.

ரெட்டைவால்_அம்மா:
சற்று முன் "தானாகவே துலக்க ஆரம்பித்தான்" என்றீர்கள். இப்போது டார்ச் வெளியே வருகிறது :)

கறார்_அப்பா:
ஆரம்பம் நான், தொடர்ந்தது அவன். இதில் என்ன முரண்?

பல்லாண்டு:
முரண் இல்லை சார், அந்த டார்ச்தான் தயாரிப்பு. அதைக் கிளிப்புக்கு முன்பே செய்யுங்கள் என்றுதான் அந்த மருத்துவரும் சொல்கிறார். வெறும் பல்லுக்கே இரண்டு நிமிடம் வேண்டும். கிளிப் போட்டால் கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, பிறகு சின்னப் பிரஷ்ஷைக் கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லாக. பழகாத கைக்குப் பத்து நிமிடம் ஆகிவிடும். ஏற்கெனவே வீங்கிய ஈறு என்றால் தொட்டாலே ரத்தம் வரும், பிள்ளை பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துலக்கும். எது மோசமோ அதுவே மேலும் மோசமாகும். தினமும் பார்க்கிறேன்.

வாய்நிறைய_கம்பி:
எனக்கு 19. நான்கு வருடம் முன்பு எனக்குக் கிளிப் போட்டார்கள். மேலே எல்லாரும் அம்மா அப்பா கட்சி, அதனால் நான் ஒன்று சொல்கிறேன்.

எனக்கு வீட்டில் சொன்னது "வலிக்கவே வலிக்காது". போடும்போது உண்மையிலேயே வலிக்கவில்லை. ஒட்டினார்கள், கம்பி கோர்த்தார்கள், கலர் ரப்பர் போட்டார்கள், சிரித்துக்கொண்டே வந்தேன். மாலையில் ஆரம்பித்தது. மறுநாள் பல்லோடு பல் பட்டாலே உயிர் போனது. சோற்றைக் குழைத்து விழுங்கினேன். நான்கைந்து நாளில் அடங்கியது, ஆனால் அம்மா சொன்ன எதையும் அதன்பிறகு நான் நம்பவில்லை. பிறகு மேலும் கீழும் மாட்டும் ரப்பர் கொடுத்தார்கள், நாள் முழுக்கப் போட வேண்டும். பள்ளிக்குப் போகும் வழியில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். ஆறு மாதம் கூடுதலாகக் கிளிப்போடு திரிந்ததுதான் மிச்சம்.

துலக்கினானா இல்லையா என்று இவ்வளவு பேசுகிறீர்களே அக்கா, அவனுக்குக் கிளிப் வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா?

கறார்_அப்பா:
தம்பி, பிள்ளையைக் கேட்டுத்தான் செய்வதென்றால் தடுப்பூசியே போட்டிருக்க முடியாது.

வாய்நிறைய_கம்பி:
ஊசி ஒரு நொடி அண்ணா. இது இரண்டு வருடம், தினமும், என் வாயில். ரப்பரை நீங்கள் வந்து மாட்டிவிட முடியாது.

கறார்_அப்பா:
சரி, அந்த ரப்பர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை இல்லை.

தேன்சிட்டு:
நேற்று இரவு கேட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஒரு மாதமாகத் தைரியம் சொன்னேனே தவிர இதைக் கேட்கவே இல்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிளிப் போட்டா பேசும்போது எச்சில் தெறிக்குமா?" என்றான். வகுப்பில் கவிதை ஒப்பிக்க வேண்டுமாம். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போடக்கூடாது என்றும் சொல்லவில்லை.

இன்னொன்று, இடம் போதாவிட்டால் நான்கு பல் எடுக்க வேண்டியிருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

கறார்_அப்பா:
நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்கிறாரா! முதலிலேயே சொல்லியிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன், ஓடிவிடுங்கள் என்று.

பல்லாண்டு:
சார், இந்தச் சண்டை நம்மைவிட மூத்தது. நவீனப் பல் சீரமைப்பின் தந்தை என்று சொல்லப்படும் எட்வர்ட் ஆங்கிள் ஒரு பல்லைக்கூட எடுக்கக் கூடாது என்ற கட்சி. கால்வின் கேஸ் 1911-இல் சில பேருக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று வாதாடினார், அவரை அன்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிறகு ஆங்கிளின் மாணவரான சார்ல்ஸ் ட்வீட், பல் எடுக்காமல் தான் சிகிச்சை செய்தவர்களில் பலருக்குப் பற்கள் பழையபடி கோணிக்கொண்டதைக் கண்டு, பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். இன்று அது கட்சி விவகாரம் இல்லை. எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது, முகத்தின் பக்கத் தோற்றம் எப்படி என்று அளந்து முடிவுசெய்கிறார்கள். இந்த ஒன்றுக்கு வேண்டுமானால் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள், தப்பில்லை. துலக்கச் சொன்னதற்காக மாற்ற வேண்டாம்.

எச்சில் கேள்விக்குப் பதில்: முதல் சில நாள் வாய் நிறைய ஊறும், ச, ஸ கொஞ்சம் குழறும், அப்புறம் நாக்கு பழகிவிடும். கவிதை ஒப்பிக்கும் நாளுக்கு இரண்டு வாரம் தள்ளி நாள் வாங்குங்கள்.

இந்த மூன்று மாதத்தில் சொத்தை இருந்தால் அடைத்துவிடுங்கள், பற்காரையை எடுத்துவிடுங்கள். ஃப்ளூரைடு உள்ள பற்பசைதானா என்று பாருங்கள். கடைவாய்ப்பல்லில் வளையம் மாட்டுவதாக இருந்தால், சில நாள் முன்பே பல்லிடுக்கில் குட்டி ரப்பர் வைப்பார்கள். அதுவே வலிக்கும், அவனிடம் சொல்லி வையுங்கள். நிக்கல் ஒவ்வாமை உண்டு என்றால் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள், கம்பியில் நிக்கல் இருக்கும். பந்து விளையாடுகிறான் என்றால் கிளிப்புக்கு ஏற்ற வாய்க்கவசம் கேளுங்கள். கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் ஒட்ட மெழுகு தருவார்கள், பள்ளிப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று. வலி மாத்திரையை நீங்களாக முடிவுசெய்யாமல் எது, எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கறார்_அப்பா:
இவ்வளவு பெரிய பட்டியலைப் படித்தால் பெரியவனுக்கே காய்ச்சல் வரும். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. போட்டோம், மூன்று நாள் கூழாகச் சாப்பிட்டான், முடிந்தது.

ரெட்டைவால்_அம்மா:
ரிட்டெய்னர்? கிளிப் கழற்றிய பிறகு பல் மறுபடி நகராமல் இருக்கப் போடுவார்களே, அது?

கறார்_அப்பா:
அது... முதல் வருடம் போட்டான். இப்போது டப்பாவில் இருக்கிறது. கீழே ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கிறது, லேசாகத்தான்.

வாய்நிறைய_கம்பி:
அண்ணா, நான் இன்னும் ராத்திரி போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.

தேன்சிட்டு:
ஏழு வாரம் ஆயிற்று, யாராவது கேட்பீர்களோ என்று எழுதுகிறேன். மருத்துவரை மாற்றவில்லை. அழுக்கு ஒட்டிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரை ஒன்று கொடுத்தார். மென்று துப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் முதல் நாள் வாய் முழுக்க வெற்றிலை போட்டவன் மாதிரி இருந்தான். அவனுக்கு ஒரே சிரிப்பு, என்னையும் மெல்ல வைத்தான். என் கடைவாய்ப்பற்கள் அவனுடையதைவிட மோசம்.

இப்போது வாரம் ஒருமுறை இருவரும் மெல்கிறோம். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. கீழ் முன்பற்களின் உட்புறம், அந்த ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் மட்டும் இன்னும் சிவக்கிறது. நான்கு பல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். எடுத்த பல்லைத் தன்னிடமே தருவார்களா என்று கேட்கிறான்.

கறார்_அப்பா:
கோணல் இருந்தால் அங்கே அழுக்குச் சேரத்தானே செய்யும்? நேராக்கினால்தானே அது போகும்? இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பல்லாண்டு:
அந்த ஒரு இடத்துக்கு உங்கள் வாதம் சரி சார். ஒற்றைக் குச்சமுள்ள சின்னப் பிரஷ் ஒன்று இருக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள் தேன்சிட்டு. டார்ச்சும் அடியுங்கள்.