வாட்ஸ்அப் குழு இருந்தும் தெருவுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை: நலச் சங்கத்தில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கேட்டவர்: கொளத்தூர்ச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். கொளத்தூரில், இரட்டை ஏரிக்கு நடந்து போகும் தொலைவில், நான்கு தெருக்களைச் சேர்த்து எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இயங்குகிறது. 112 வீடுகள். மாதச் சந்தா 100 ரூபாய். அதையும் ஒழுங்காகத் தருவோர் பாதிப் பேர்தான். சென்ற ஆண்டு பொதுக்குழுவில் வேறு யாரும் முன்வராததால் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் சிக்கல் குப்பை. இரண்டாவது தெரு முனையில், டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, தினமும் விடியும்போது பத்துப் பதினைந்து பைகள் கிடக்கின்றன. 2025 ஆகஸ்டில், எங்கள் திரு.வி.க. நகர் மண்டலத்திலும் இராயபுரம் மண்டலத்திலும் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் போராடினார்கள் அல்லவா, அப்போது வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் சிலர் குப்பையை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். போராட்டம் முடிந்து பேட்டரி வண்டி பழையபடி வரத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்து கோலம் போட்டோம். பிறகு சாமி படம் ஒட்டிய ஓடு பதித்தோம். இப்போது சாமிக்குப் பக்கத்திலேயே பை வைக்கிறார்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. சந்தா பணத்தில் எட்டு கேமராக்கள் பொருத்தியிருக்கிறோம். மார்ச் மாதம் ஓர் இரவில் மூன்றாவது தெருவில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனம் காணாமல் போனது. காவல் நிலையத்தில் பதிவைக் கேட்டபோது காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியைத் திறந்து பார்த்தோம். திரையில் எட்டுக் காட்சிகளும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. பதிவு மட்டும் ஜனவரியோடு நின்றிருந்தது. ஹார்டு டிஸ்க் பழுதாகி இரண்டு மாதமாகியும் ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய அன்று, நான்காவது தெருவில் பாதாளச் சாக்கடை மூடி தண்ணீரில் பெயர்ந்துவிட்டது என்று ஓர் உறுப்பினர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அதற்கு மேலும் கீழுமாக அன்று காலை மட்டும் 240 செய்திகள். அவற்றில் பெரும்பாலானவை, புழல் ஏரியைத் திறந்துவிட்டார்கள், கொளத்தூர் மூழ்கப்போகிறது என்று எங்கிருந்தோ வந்த தகவல்கள். சாக்கடை மூடி பற்றிய செய்தியைப் படிக்காத ஒரு பெரியவர் அந்தக் குழியில் கால் வைத்துவிட்டார். கைத்தடி மாட்டிக்கொண்டதால் பிழைத்தார். தெருவைச் சுத்தமாகவும் பத்திரமாகவும் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் வேண்டிய தகவலை வேண்டிய நேரத்தில் சேர்ப்பதற்கு உங்கள் பகுதிகளில் என்ன செய்கிறீர்கள்?

பதில்: மாதவரம் பழைய பொருளாளர்

ஐயா, கோலமும் சாமி படமும் நாங்களும் போட்டுப் பார்த்தவைதான். அவை பலிக்காமல் போனதற்குக் காரணம், குப்பை போடுகிறவர் யார், ஏன் அங்கே போடுகிறார் என்பதைக் கேட்காமலே நாம் மருந்து கொடுத்ததுதான்.

எங்கள் சங்கத்தில் நானும் இன்னொருவரும் ஒரு வாரம் விடியற்காலையில் நாற்காலி போட்டு அந்த முனையில் உட்கார்ந்தோம். யாரையும் அதட்டுவதில்லை, படம் எடுப்பதில்லை என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம். முதல் பை மூன்றரை மணிக்கு வந்தது. கொண்டுவந்தவர் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் அம்மா. வீடு திரும்ப மதியமாகிவிடும். அடுத்து, ஐந்தரை மணிக்கு மணலியில் முதல் ஷிப்டுக்குப் போகும் இரண்டு இளைஞர்கள். வண்டி எங்கள் தெருவுக்கு வருவதோ எட்டே முக்காலுக்கு. வாசலில் வைத்துவிட்டுப் போனால் நாய் கிழித்துவிடும், வீட்டுக்காரர் சத்தம் போடுவார். அந்தப் பைகளைப் போட்டவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

அதன் பிறகு இரண்டு காரியங்கள் செய்தோம். தூய்மைப் பணி மேற்பார்வையாளரிடம் பேசி, வண்டி வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவிலிருந்து தொடங்கும்படி மாற்றிக்கொண்டோம். மற்ற நாட்களுக்கு, காலையில் வீட்டில் இருக்கும் நான்கு குடும்பங்கள் தங்கள் சுற்றுச்சுவருக்கு உள்ளே மூடி போட்ட இரண்டு வாளிகளை வைக்க ஒப்புக்கொண்டன. பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை. டயப்பரையும் நாப்கினையும் தனியே தாளில் சுற்றித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே அது இருந்தது. பிரித்துக் கொடுக்காத குப்பை கடைசியில் போய்ச் சேருவது கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குத்தான். காற்று திரும்பினால் அதன் புகையும் நாற்றமும் நம் வீட்டுக்கே வருவதை வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் டிரான்ஸ்பார்மர் மூலையில் தேங்காய் மூடி, பெயின்ட் டப்பா போன்றவை கிடந்தால் முதலில் அவற்றை அகற்றுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள், எங்களுக்கு ஞாயிறு, மொட்டை மாடி டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டி ஆகியவற்றைக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். மாதம் ஒரு முறை செய்வதில் பயனில்லை.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் பேசும்போது கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்து விளக்கு" என்று சொன்னால் ஆள் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் எல்லாக் கம்ப எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். புகார் எண்ணையும் தேதியையும் அதிலேயே குறித்துக்கொள்கிறோம்.

பதில்: எண்ணூர்க்கரைக்காரர்

குப்பையைப் பற்றி மாதவரம் ஐயா சொல்லிவிட்டார். நான் தகவலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அதன் உபரி நீர் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூரில் கடலைச் சேர்கிறது. பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து மணலி புதுநகர்ப் பக்கம்தான் பயம். ஆகவே அன்று புழலைத் திறந்தது உண்மையாகவே இருந்தாலும், பரபரப்பு அடைய வேண்டியவர்கள் நாங்கள், நீங்கள் அல்ல. தண்ணீர் எந்த ஏரியிலிருந்து எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் வரைந்து சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பாதி வதந்தி அதிலேயே அடங்கிவிடும்.

வதந்தி ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான ஆபத்து வரும்போது செய்தி வராமல் போவதையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூக்கெரிச்சல்தான் எங்களை எழுப்பியது. எந்த அறிவிப்பும் எழுப்பவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடியவர்களில் பலருக்கு எந்தத் திசையில் ஓடுவது என்றே தெரியவில்லை. அமோனியா தண்ணீரில் எளிதில் கரையக்கூடியது. ஆகவே துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இந்த மூன்று வரியும் முன்கூட்டியே வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும். இப்போது ஒட்டியிருக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழுக்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, அரசியல் எல்லாம் போகும். அதை அடக்க நினைப்பது வீண் வேலை. மற்றொன்றில் நிர்வாகிகள் மூவர் மட்டுமே எழுத முடியும். அதில் வரும் ஒவ்வொரு செய்தியிலும் எந்த இடம், எத்தனை மணி, நேரில் பார்த்தவர் யார், என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும் என்பது விதி. நேரில் பார்த்தவர் இல்லையென்றால் செய்தியும் இல்லை.

ஆனால் மிக்ஜாம் சமயத்தில் மின்சாரமும் போய், செல்பேசிச் சிக்னலும் போனபோது அந்தக் குழுவும் ஊமையாகிவிட்டது. அன்று உதவியது, இருபது வீட்டுக்கு ஒருவர் என்று நாங்கள் பிரித்து வைத்திருந்த தெருப் பொறுப்பாளர்கள்தான். படுக்கையில் இருக்கும் முதியவர், கர்ப்பிணி, தனியாக வாழ்பவர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார் என்று அவரவர் நோட்டில் இருந்தது. கதவைத் தட்டிச் சொன்னார்கள்.

பதில்: கேமரா பழுது பார்ப்பவர், வியாசர்பாடி

சுருக்கமாக ஒரு சொல். திரையில் படம் ஓடுவதை வைத்துப் பதிவாகிறது என்று நம்பாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, முந்தைய வாரத்தின் ஏதாவது ஓர் இரவு இரண்டு மணிக் காட்சியை எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். கண்ணாடியில் சிலந்தி வலை கட்டினால் இரவில் படம் முழுவதும் வெள்ளையாகத்தான் தெரியும்; ஒட்டடைக் குச்சி போதும். சாதாரணக் கேமரா முகப்பு விளக்கின் கூச்சத்தில் வண்டி எண்ணைப் பிடிக்காது. ஆகவே ஒன்பதாவது கேமரா வாங்குவதற்கு முன் அந்தத் தெருவின் எரியாத விளக்கைச் சரிசெய்யுங்கள். யாருடைய வீட்டு ஜன்னலையும் பார்த்தபடி கேமராவை வைக்காதீர்கள். அந்தச் சண்டையையும் நான் போய்த் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பதில்: பெரம்பூர் மாடி வீட்டு வாடகைதாரர்

செயலாளர் ஐயா தவறாக எண்ணவில்லை என்றால் ஒன்று கேட்கலாமா? 112 வீடுகள் என்றீர்கள். அது கதவிலக்கத்தின் கணக்கா, அடுப்பின் கணக்கா? எங்கள் தெருவில் ஒரு கதவிலக்கத்துக்குள் கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள், அதற்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நான்கு இளைஞர்கள் என்று மூன்று அடுப்பு எரிகிறது. சங்கத்தின் ஏட்டில் அது ஒரே வீடு.

நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வந்த வாரமே காவல் நிலையத்தில் கொடுப்பதற்காக வாடகைதாரர் விவரப் படிவத்தில் புகைப்படம், ஆதார், செல்பேசி எண் எல்லாம் கொடுத்தேன். அதே செல்பேசி எண்ணைச் சங்கத்தின் குழுவில் சேர்க்க வேண்டும் என்று இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை. ஒரு முறை குடிநீரில் சாக்கடை கலந்து வருகிறது, மூன்று நாள் லாரித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்போது மகள் வீட்டுக்கு மதுரை போயிருந்தார். செய்தி மதுரைக்குப் போனது. குழாயைத் திறந்து குடித்தது நாங்கள். என் மகன் நான்கு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தான்.

குப்பை என்றால் முதலில் எங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், வண்டி காணாமல் போனாலும் அப்படியே. கூட்டத்துக்கு மட்டும் அழைப்பதில்லை. மாதவரம் ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்டுபிடித்த அந்த மீன்கார அம்மாவும் ஷிப்டு இளைஞர்களும் அவர்களுடைய குழுவில் இருந்தார்களா என்று அறிய விரும்புகிறேன்.

மறுபதில்: மாதவரம் பழைய பொருளாளர்

இல்லை, அம்மா. அன்று இல்லை. பிறகு சேர்த்தோம். உறுப்பினர் ஆவதற்கு வீட்டு உரிமை வேண்டும் என்று எங்கள் துணைவிதி சொல்கிறது. அதை மாற்றுவதென்றால் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, சங்கப் பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும். ஆனால் அறிவிப்புக் குழுவில் ஒரு எண்ணைச் சேர்ப்பதற்குத் துணைவிதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கே மூன்று ஆண்டுகள் ஆயின.

மறுபதில்: கொளத்தூர்ச் செயலாளர்

அனைவருக்கும் நன்றி. பெரம்பூர் சகோதரியின் பதிலைப் படித்த பிறகு நேற்று மாலை இரண்டாவது தெருவில் மட்டும் வீடு வீடாகப் போய் வந்தேன். ஏட்டில் 29 வீடுகள். அடுப்புக் கணக்கில் 71. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தெருவிலிருந்து இருப்பது 24 எண்கள், அவற்றில் மூன்று வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுடையவை. டிரான்ஸ்பார்மருக்கு எதிர் மாடியில் இருக்கும் ஓர் இளைஞர், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று யாராவது சொன்னால் நான் ஏன் சார் கீழே கொண்டுவந்து வைக்கப்போகிறேன் என்று கேட்டார். எட்டு மணி பத்து நிமிடம் என்றேன். அதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வரும் ஞாயிறு செயற்குழு கூடுகிறது. நிர்வாகிகள் மட்டும் எழுதும் இரண்டாவது குழு, அதில் வாடகைக்கு இருப்போரையும் சேர்ப்பது, தெருப் பொறுப்பாளர்கள் ஆறு பேர், அவர்களில் இருவராவது வாடகை வீட்டிலிருந்து என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் சிலர் முணுமுணுப்பார்கள். சந்தா தராதவர்களுக்கு எதற்குச் செய்தி என்று ஒருவர் இப்போதே தொலைபேசியில் கேட்டுவிட்டார். மாதவரம் ஐயா, உங்கள் பகுதியில் இந்தக் கேள்வி வந்தபோது என்ன பதில் சொன்னீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.