அத்தானுக்கு விலங்கு மாட்டிய இரவு: குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்ட வழக்குகளில் நாங்கள் கண்டவை

குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எங்கள் ஆட்களைக் கேட்டால், "ஃபைன் கட்டவேணும், லைசன்ஸ் கொஞ்ச நாளைக்குப் போகும்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அத்தான், அதாவது என் அக்காவின் புருசன், பிடிபட்ட இரவிலிருந்து தீர்ப்பு வரைக்கும் கூடவே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மிகச் சின்னப் பகுதி. நான் பார்த்ததை எழுதுகிறேன். உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இப்படி நடந்திருந்தால் பெயர் விபரம் இல்லாமல் நீங்களும் எழுதுங்கள். புதிதாக வந்த பிள்ளைகள் வாசிக்கட்டும்.

டிசம்பர் மாதம், மார்க்கம் நகரில் ஒரு விழா ஹோலில் சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்தியவீடு. அக்கா பிள்ளைகளோடு நேரத்துக்கே வீட்டுக்குப் போய்விட்டார். அத்தான் கடைசிவரை நின்றார். எங்கள் ஹோல்களில் நடப்பது தெரிந்ததுதான்: உள்ளே பாரில் குடிப்பது ஒரு கணக்கு, பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்து குடிப்பது இன்னொரு கணக்கு. அத்தான் தள்ளாடவில்லை, பேச்சும் குழறவில்லை. வாசலில் நின்ற பெரியவர்கள் கைகொடுத்து "கவனமாப் போங்கோ தம்பி" என்று அனுப்பி வைத்தார்கள். என்னிடம் அப்போது ஜி1, அதாவது பழகுநர் லைசன்ஸ், மட்டும்தான். ஜி1காரர் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஓட்டக் கூடாது. பக்கத்தில் இருந்து வழிகாட்டுபவரும் எல்லைக்கு மேல் குடித்திருக்கக் கூடாது. ஆகவே நான் திறப்பை வாங்கி ஓட்டுவதற்கும் வழியில்லை. டாக்சி பிடிப்போம் என்று சொன்னேன். "வீடு பத்து நிமிசம்தானே" என்றார்.

ஸ்டீல்ஸ் அவெனியூவுக்கு வடக்கே வீதியை ஒரு பாதையாக ஒடுக்கி, கூம்புகள் வைத்து, எல்லா வாகனங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ரைட் சோதனை என்று சொல்வது இதைத்தான். 1977இல் எட்டோபிக்கோவில் தொடங்கி இப்போது மாகாணம் முழுவதும் வருடம் பூராவும் நடக்கிறது. நத்தார், புதுவருட நாட்களில் இன்னும் கூடுதலாக. ஒஃபிசர் யன்னலுக்குள் ரோச் அடித்து, இன்றைக்கு ஏதும் குடித்தீர்களா, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டார். அத்தான் "ரெண்டு பியர்" என்றார். இறங்கி வரச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். முன்பெல்லாம் மணம் வருகிறது, கண் சிவந்திருக்கிறது என்று ஏதாவது சந்தேகம் இருந்தால்தான் பொலிஸ் ஊதச் சொல்லலாம். 2018 டிசம்பர் 18இலிருந்து அது தேவையில்லை. சட்டப்படி நிறுத்திய எந்தச் சாரதியையும், ஒஃபிசரின் கையில் மெசின் இருந்தால், அங்கேயே ஊதச் சொல்லலாம். "ஏன் என்னை மட்டும்" என்று வாதாடுவதில் பலனில்லை.

ஒஃபிசர் உறை பிரிக்காத ஒரு பிளாஸ்ரிக் குழாயை எடுத்து, அத்தானின் கண் முன்னாலேயே உறையைக் கிழித்து, கைக்குள் அடங்கும் மெசினில் பொருத்தினார். நிறுத்தச் சொல்லும்வரை ஊதுங்கள் என்றார். முதல் தடவை அத்தான் பாதியில் விட்டுவிட்டார். இரண்டாம் தடவை சரியாக ஊதினார். மெசினைத் திருப்பிக் காட்டினார்கள். "ஃபெயில்" என்று இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மிக வேகம். கைகளைப் பின்னால் எடுக்கச் சொல்லி விலங்கு மாட்டினார்கள். சட்டைப் பைகளில் இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒரு பொலித்தீன் பையில் போட்டார்கள்: கைபேசி, பேர்ஸ், பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு பலகாரம். நெற்றியில் வைத்த சந்தனம் இன்னும் அழியவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை, தள்ளவில்லை. மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் என் அக்காவின் புருசனை விலங்கோடு காரின் பின் சீற்றில் ஏற்றியதைப் பார்த்து நின்றது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பொலிஸ் நிலையத்தில் நடந்ததைப் பிறகு லோயரின் ஒஃபிஸில் வீடியோவில் பார்த்தோம். ஊதும் அறையில் கமரா இருக்கிறது. அதற்கு முன்னால் லோயரோடு தனியறையில் போனில் கதைக்க விட்டிருக்கிறார்கள். காசில்லாத அரச லோயர் இரவிலும் போனில் கிடைப்பார், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அத்தான் வெட்கத்தில் "இங்கிலீஷ் விளங்கும்" என்று சொல்லிவிட்டார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வீட்டு மொழியில் கேட்டால்தான் இந்த நேரத்தில் தலைக்குள் ஏறும்.

நிலையத்தில் இருப்பது பெரிய மெசின். வீதியில் ஊதியது சந்தேகத்தை உறுதிப்படுத்த மட்டும்தான், வழக்குக்கு எண்ணிக்கை தருவது இதுதான். குறைந்தது 15 நிமிட இடைவெளியில் இரண்டு தரம் ஊதவேண்டும். அத்தானுக்கு முதலில் 141, பிறகு 138. இரண்டில் குறைந்ததை எடுத்து, அதையும் பத்தின் மடங்காகக் கீழே இறக்குவார்கள். ஆகவே 130. சட்டத்தின் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம்.

விடியற்காலையில் விட்டார்கள். கையில் ஒரு கட்டுப் பேப்பர். லைசன்ஸ் அந்த நிமிடத்திலிருந்து 90 நாள் இல்லை. கார் 7 நாள் யார்டில், இழுத்த கூலியும் வாடகையும் எங்கள் தலையில். மாகாணத்துக்குத் தண்டப்பணம் 550 டொலர். கைரேகை வைக்கப் போகவேண்டிய திகதி, நியூமார்க்கட் கோர்ட்டுக்குப் போகவேண்டிய திகதி. இதெல்லாம் தீர்ப்புக்கு முன்னாலேயே நடப்பது. குற்றவாளி என்று நீதிபதி இன்னும் சொல்லவில்லை.

அத்தான் கட்டட வேலைக்கு வான் ஓட்டிப் போகிறவர். அந்த வேலை முதல் கிழமையே போனது. ஆனால் அதைவிடப் பெரிய அடி, லோயரைச் சந்தித்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வியில் வந்தது: "நீங்கள் சிட்டிசனா, பிஆரா?"

கனடா வந்து இத்தனை வருடமாகியும் அத்தான் பிஆர்தான், அதாவது நிரந்தர வதிவுரிமை மட்டும்தான். வேலை, வேலை என்று சிட்டிசன்சிப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அந்தக் கேள்வி ஏன் கேட்கப்பட்டது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதைத் தெரிந்தவர்கள் யாராவது விளக்கமாக எழுதினால் நல்லது.

*

கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மேலே கேட்டதற்கு என்னால் சொல்லமுடிந்ததைச் சொல்கிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல, ஆனால் இதே உரையாடலை நிறையத் தடவை மொழிபெயர்த்திருக்கிறேன்.

ஊதச் சொல்வதில் மாற்றம் வந்த அதே 2018 டிசம்பர் 18இல் இன்னொரு மாற்றமும் வந்தது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான உச்ச சிறைத்தண்டனை 5 வருடத்திலிருந்து 10 வருடமானது. பத்து வருடம் போவது மிக அரிது, முதல் தடவை என்றால் பெரும்பாலும் ஃபைன்தான். ஆனால் குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, உங்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. உச்ச தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பானால் அது பாரதூரமான குற்றம். ஆயிரம் டொலர் ஃபைனோடு வெளியே வந்தவரும் அதற்குள் அடங்குவார். பிஆர் உள்ளவருக்கே நாட்டை விட்டு அனுப்பும் நடவடிக்கை தொடங்கலாம்.

எல்லாரையும் அனுப்புவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதிகாரி அறிக்கை எழுதலாம், எழுதாமல் எச்சரிக்கைக் கடிதத்தோடும் விடலாம். குடும்பம், பிள்ளைகள், வேலை, எத்தனை வருடம் இங்கே என்பதையெல்லாம் பார்ப்பார்கள். சிறைத்தண்டனை 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பிஆர் உள்ளவருக்கு மேன்முறையீடு உண்டு. ஸ்ருடன்ற் விசாவிலும் வேர்க் பெர்மிற்றிலும் இருப்பவருக்கு அந்த மேன்முறையீடு கிடையாது. ஊரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வழக்கு நடக்கும்போது சிட்டிசன்சிப் கிடைக்காது. தீர்ப்பானால், வழக்கு நடத்தப்பட்ட முறையைப் பொறுத்து, 4 வருடம்வரை காத்திருக்கவேண்டி வரலாம்.

நான் பார்த்து வருந்துவது என்னவென்றால், "குற்றத்தை ஒப்புக்கொண்டால் லைசன்ஸ் கெதியாக வரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லோயரே இல்லாமல் வந்து ஒப்புக்கொள்ளப் பார்க்கிறவர்களை. அது உண்மைதான். 90 நாளுக்குள் ஒப்புக்கொண்டால், தகுதி உள்ளவருக்கு ஒரு வருடத் தடை 3 மாதமாகக் குறைந்து, மிச்சத்தை இன்ரர்லொக் (ஊதினால்தான் எஞ்சின் வரவிடும் கருவி) பூட்டிய காரில் ஓட்டலாம். சிட்டிசனுக்கு அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். பிஆர் உள்ளவர் குடிவரவு லோயரோடும் கதைக்காமல் அதைச் செய்யக் கூடாது. ஆதாரம் பலவீனமான சில வழக்குகளில், மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் கவனயீனமாக ஓட்டியதாக முடித்துக்கொள்வதும் உண்டு. அது கிரிமினல் குற்றமல்ல. அந்த வாசல் இருக்கிறதா என்று பார்க்காமலே சிலர் ஒப்புக்கொண்டு விடுகிறார்கள்.

*

ஸ்காபரோவில் டாக்சி ஓட்டுகிறேன். ஓட்டாமல் பிடிபட்டவர் ஒருவரைத் தெரியும் என்றால் நம்புவீர்களோ தெரியாது. என் கூட்டாளி. குடித்தது கூடிப்போச்சு, ஓட்டக் கூடாது என்று நல்ல மனதோடுதான் காருக்குள் படுத்தான். ஜனவரிக் குளிர். ஹீற்றருக்காக எஞ்சினைப் போட்டு சாரதி சீற்றிலேயே சாய்ந்திருக்கிறான். பொலிஸ் கண்ணாடியில் தட்டி எழுப்பியது.

சட்டத்தில் ஓட்டுவது மட்டுமில்லை, வாகனம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதும் குற்றம். சாரதி சீற்றில் இருந்தால் ஓட்டத்தான் இருந்தீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அவன் நிரூபித்தான், ஏனென்றால் என்னைக் கூப்பிட்ட அழைப்பு அவனுடைய போனில் இருந்தது. "வந்து ஏத்து, நான் படுக்கிறன்" என்று மெசேஜும் போட்டிருந்தான். நான் இன்னொரு சவாரியில் இருந்ததால் வரப் பிந்திவிட்டது. வழக்கு நின்றுபோனது, ஆனால் அதுவரை பட்ட பாடு கொஞ்சமில்லை. ஹோலுக்குள்ளேயே இருங்கள். வெளியே காருக்குள் போகாதீர்கள்.

*

நான் பி.எஸ்.டபிள்யூ, அதாவது முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இரவு வேலை முடிந்து வரும்போது மறித்து ஊதச் சொன்னார்கள். நான் குடிக்கிற ஆள் இல்லை, ஏன் ஊதவேண்டும் என்று கோபமும் அழுகையுமாக வந்தது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தப் பெண் ஒஃபிசர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்: ஊத மறுப்பதே தனிக் குற்றம். தீர்ப்பானால் முதல் தடவைக்கே குறைந்தது 2,000 டொலர். குடித்துப் பிடிபட்டவருக்குக் குறைந்தது 1,000. ஊதினேன், பூச்சியம் காட்டியது, போகச் சொன்னார்கள். ஒரு துளி குடிக்காத ஆளும் வீம்புக்கு மறுத்தால் கிரிமினல் வழக்கில் நிற்கவேண்டி வரும். எங்கள் அம்மாமாருக்கும் மாமிமாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

*

என் மகனுக்கு 20 வயது, ஜி2 (இரண்டாம் கட்ட லைசன்ஸ்). ஒரு பியர் குடித்தால் பரவாயில்லை என்கிறான். உண்மையா?

*

அத்தானைப் பற்றி எழுதியவன்தான் திரும்ப எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளருக்கு மிக்க நன்றி, எங்கள் லோயர் சொன்னதும் இதேதான்.

மகனைப் பற்றிக் கேட்டவருக்கு: உங்கள் மகனுக்கு ஒரு பியரும் கூடாது. 21 வயதும் அதற்குக் கீழும் என்றால் எந்த லைசன்ஸ் என்றாலும் பூச்சியம்தான். ஜி1, ஜி2 என்றால் எந்த வயதிலும் பூச்சியம்தான். கஞ்சாவுக்கும் அதே விதி. 2018 ஒக்ரோபரில் கஞ்சா சட்டப்படி வந்ததால் அதைப் புகைத்துவிட்டு ஓட்டலாம் என்று பெடியள் நினைக்கிறார்கள். எச்சில் எடுத்துப் பார்க்கும் மெசினும் இருக்கிறது.

அத்தானின் வழக்கு எப்படி முடிந்தது என்று உள்பெட்டியில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆதாரம் பலமாக இருந்தது. 120க்கு மேல் என்பதால் குறைந்தபட்ச ஃபைன் 1,500, அதற்கு மேல் 30 வீதம் கூடுதல் கட்டணம், ஒரு வருடத் தடை. தீர்ப்புக்கு முன்னாலேயே குடிவரவு லோயரும் சேர்ந்து வேலை செய்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம், வரிக் கணக்கு, குடி ஆலோசனைக்குப் போன சான்று எல்லாம் கட்டி வைத்திருந்தோம். குடிவரவிலிருந்து கடிதம் வந்தபோது அதைத்தான் அனுப்பினோம். எச்சரிக்கையோடு விட்டார்கள். பதில் வரும்வரை அக்கா நித்திரை கொள்ளவில்லை, பிள்ளைகளிடம் எதையும் சொல்லவும் முடியவில்லை.

இப்போது காரில் இன்ரர்லொக் பூட்டியிருக்கிறது. குறைந்தது ஒரு வருடம். திறப்பைப் போட்டால் எஞ்சின் வராது, முதலில் குழாயில் ஊதவேண்டும். 20 மில்லிகிராம் தாண்டினால் ஸ்ராட் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையில் ஊதச் சொல்லிக் கத்தும், அத்தான் ஓரமாக நிறுத்தித்தான் ஊதுவார். மாதாமாதம் வாடகை, பதிவை இறக்கக் கடைக்கும் போகவேண்டும். சாதாரண இன்சூரன்ஸ் கம்பனிகள் அத்தானை எடுக்கவில்லை. எடுத்த கம்பனி கேட்ட தொகையைக் கேட்டு அக்கா தன் காரை விற்றுவிட்டார்.

யாருக்காவது இப்போது இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தால், லோயரின் முதல் சந்திப்புக்கே பிஆர் காட்டையும் பொலிஸ் தந்த எல்லாப் பேப்பரையும் கொண்டுபோங்கள். அவர் குடிவரவைப் பற்றிக் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.