சாந்தா ராதெகொண்டா தெருவில் இருந்து

அக்கா: மிலான் பேராலயத்தை ஒட்டிய தெருவில் நிற்கிறேன். பெயர் சாந்தா ராதெகொண்டா. படம் பாருங்கள்.

பெரியப்பா: ஒரே கடைகளாக இருக்கிறதே. பை நிறைய வாங்கிவிட்டாயா?

அக்கா: அதில்லை பெரியப்பா 😀 இங்கே ஒரு கன்னியர் மடம் இருந்தது. இசையமைத்த கன்னியர் கியாரா மார்கரிட்டா கொட்சொலானி அங்கேதான் இருந்தார். 1602இல் பிறந்தவர், 1620இல் துறவு வாழ்வுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தார். நேற்றிலிருந்து இவர் பாட்டுதான் தலைக்குள் ஓடுகிறது.

தம்பி: விவால்டி தெரியும். இவரைக் கேள்விப்பட்டதே இல்லையே.

அக்கா: விவால்டி பிறந்ததே 1678இல் தானேடா. 1650இலேயே இவர் எட்டுக் குரலுக்கு இசையமைத்த பைபிள் திருப்பாடல்கள் வெனிஸில் அச்சாகிவிட்டன.

அத்தை: எட்டுக் குரல் என்றால் கட்டைக் குரலும் வேண்டுமே. மடத்தில் ஆண் ஏது?

அக்கா: சரியான இடத்தில் பிடித்தீர்கள் அத்தை! கீழ்க்குரலை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடியிருக்கலாம், ஆர்கன் கீழே பிடித்துக்கொள்ளும். தாழ்ந்த குரல்கார சகோதரிகளும் இருந்திருப்பார்கள்.

பெரியப்பா: வெளியாட்கள் போய்க் கேட்கலாமா?

அக்கா: கேட்கலாம், பார்க்க முடியாது. கோயிலுக்கு நடுவே சுவர். ஊர் இந்தப் பக்கம், கன்னியர் அந்தப் பக்கம். கம்பி வழியாகக் குரல் மட்டும் வரும். அதற்கே அவ்வளவு கூட்டம். பேராயர் லீட்டாவுக்கு இது பிடிக்கவில்லை, பாட்டைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். கொட்சொலானி அங்கே மடத்துத் தலைவியாகவும் இருந்தவர். நினைத்துப் பாருங்கள்.

அக்கா: ஒன்று அனுப்புகிறேன். மகதலா மரியா கல்லறை அருகே நின்று அழுகிறாள், வானதூதர்கள் ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார்கள்.

அத்தை: கேட்டேன். லத்தீன் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் பதில் சொல்லும் இடத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதையே விட்டுவிட்டேன்.

தம்பி: எல்லாப் பாட்டும் கிடைக்கிறதா?

அக்கா: எங்கே! 1640இல் வந்த முதல் தொகுப்பு தொலைந்தே போனது. 1648 தொகுப்பில் பாடுகிறவர் புத்தகம் இருக்கிறது, கூட வாசிக்கிறவர் புத்தகம் இல்லை. அப்போது ஆளுக்கொரு புத்தகமாகத்தான் அச்சடிப்பார்கள். இன்று பாட வேண்டுமானால் அந்தக் கீழ் வரியை யாராவது புதிதாக எழுத வேண்டும்.

பெரியப்பா: மடம் என்ன ஆயிற்று?

அக்கா: மூடிவிட்டார்கள். அப்புறம் அங்கே நாடக அரங்கு வந்தது. அதையும் இடித்து 1883இல் எடிசன் முறை மின் நிலையம். லா ஸ்காலா ஓபரா அரங்குக்கு மின்விளக்கு எரிந்தது இதில்தான்.

பெரியப்பா: அட, இதை முதலில் சொல்லக்கூடாதா! நிலக்கரியா? எத்தனை டைனமோ?

அத்தை: அண்ணா, உங்கள் டைனமோவில் என் மரியா பாட்டு மேலே போய்விட்டது. பாப்பா, இன்னொரு தடவை அனுப்பு.