மறு: 'ஆக்‌ஷன் லெவல்' – 'செயல் வரம்பு' சரிதானா?

வணக்கம். அமெரிக்கக் குடிநீர் விதிகளில் ஈயத்துக்கு வரும் 'ஆக்‌ஷன் லெவல்' (action level) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு கருத்து இது:

> 'உச்ச மாசு வரம்பு' என்று முன்பே வைத்துக்கொண்டோம். அதே வழியில் இதற்குச் 'செயல் வரம்பு' போதுமே.

'வரம்பு' என்பதில்தான் எனக்குத் தடை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு வைத்திருக்கும் அளவுகள் எல்லாம் ஒரே இனமல்ல. ஆர்சனிக்குக்கு உடல்நலத்தை மட்டும் கருதி வைத்த இலக்கு சுழியம். நுட்பத்தையும் செலவையும் சேர்த்து எண்ணி வைத்த 'உச்ச மாசு வரம்பு' லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இலக்கை எட்டாததற்குத் தண்டனை இல்லை. வரம்பைத் தாண்டினால் விதிமீறல். இதுவரை நம் சொற்கள் தாங்கும்.

ஈயத்தில்தான் இடறுகிறது. அது பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவதில்லை. ஈயக் குழாயும் பற்றவைப்பும் அரித்து வழியில் கலப்பது. எனவே 1991ஆம் ஆண்டு விதி வீட்டுக் குழாயிலேயே அளக்கச் சொன்னது. ஆறு மணி நேரமாவது திறக்காமல் கிடந்த குழாயில் முதலில் வரும் ஒரு லிட்டர்தான் மாதிரி. பத்து மாதிரிகள் என்றால், ஏறுவரிசையில் அடுக்கி ஒன்பதாவதைப் பார்ப்பார்கள். அது 'ஆக்‌ஷன் லெவல்' ஆகிய லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் அரிப்புத் தடுப்பு, மக்களுக்கு விளக்கம் என்று குடிநீர் நிறுவனத்தின் தலையில் கடமைகள் ஏறும். ஒன்பதாவது 14, பத்தாவது 40 என்றால் அவை ஏறா. (பத்தாவது வீட்டுக்காரருக்கு இதை விளக்கப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.)

தாண்டியதே குற்றமல்ல, தாண்டிய பின் செய்ய வேண்டியதைச் செய்யாததுதான் குற்றம். 'வரம்பு' என்று எழுதினால் செய்தியாளர் மறுநாளே 'வரம்பு மீறல்' என்று தலைப்பிடுவார். 'நடவடிக்கை அளவு' என்றாலோ, நம் காதில் நடவடிக்கை என்பது யார்மீதோ பாய்வது. என் பரிந்துரை 'தூண்டளவு'.

---

'தூண்டளவு' நன்று. ஆனால் மின்னியலில் 'தூண்டல்' ஏற்கெனவே வேரூன்றிய சொல். அத்துறை மாணவர் வேறு பொருள் கொள்வார். தனியே நிற்கும் இடங்களில் 'கடமைத் தூண்டளவு' என்று எழுதலாமா?

---

சற்று நீளம், முதல் முறை மட்டும் அப்படி எழுதுவதில் மறுப்பில்லை. 2024இல் வெளியான திருத்த விதி ஈயத்தின் அளவை 15இலிருந்து 10ஆக்கியது. ஆர்சனிக்கும் 10, ஈயமும் 10. ஒன்று வரம்பு, மற்றது தூண்டளவு. அட்டவணையில் இரண்டையும் 'வரம்பு' என்ற ஒரே தலைப்பின்கீழ் போட வேண்டாம் என்று தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.