காலையில் மட்டும் வரும் நீலத்திரை

குழு: பாட்டி வீட்டுச் சொந்தம்

சனிக்கிழமை

காலை 7:12, பெரியப்பா: ராஜா, கம்ப்யூட்டர் மறுபடியும் நீலமாகி நின்றுவிட்டதப்பா. நேற்று சுரேஷ் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் 10 போட்டான். ராத்திரி பத்து மணி வரை நன்றாக ஓடியது. இப்போது போட்டால் விண்டோஸ் படம் வருகிறது, புள்ளிகள் நாலு சுற்று சுற்றுகின்றன, உடனே நீலத்திரை. தானாக அணைந்து மறுபடியும் முதலிலிருந்து.

காலை 7:15, மீனா அத்தை: அழித்த பிறகுமா அண்ணா? வைரஸ் உள்ளேயே தங்கிவிட்டதோ?

காலை 7:21, சுரேஷ்: வைரஸ் இல்லை அத்தை. விண்டோஸ் இருக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்கில் இருந்த பார்டிஷன் (பிரிவு) அத்தனையும் நீக்கிவிட்டுத்தான் போட்டேன். டி டிரைவ் இருக்கும் பெரிய ஹார்ட் டிஸ்கைத் தொடவில்லை. எஸ்எஸ்டியே போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். இப்போதுதான் சென்னையில் இறங்கினேன். அடுத்த வாரம் வரும்போது புதிது வாங்கி வரட்டுமா அப்பா?

காலை 7:30, ராஜா: பெரியப்பா, இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீலத்திரையில் கீழே 'ஸ்டாப் கோட்' என்று இருக்கும். பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயர். அதை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள்.

காலை 7:38, பெரியப்பா: [படம்]
இரண்டு தடவை நழுவிவிட்டது. மூன்றாவது தடவைதான் பிடித்தேன்.

காலை 7:42, ராஜா: இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ். விண்டோஸ் பாதி எழுந்துவிட்டு, தான் குடியிருக்கும் டிஸ்கையே எட்ட முடியாமல் நிற்கிறது. எஸ்எஸ்டி முழுதாகச் செத்திருந்தால் அந்தப் படம்கூட வராது. ராம் என்ற நினைவகத்தில் கோளாறு என்றால் பெரும்பாலும் தடவைக்கு ஒரு பெயர் வரும். அழிப்பதற்கு முன்னால் என்ன பெயர் வந்தது சுரேஷ்?

காலை 7:44, சுரேஷ்: இதேதான் அண்ணா.

காலை 7:46, பெரியப்பா: எப்போதும் காலையில்தான் வருகிறது. பகலில் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஒன்றும் இல்லை.

காலை 7:49, ராஜா: ராத்திரி சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைக்கிறீர்களா?

காலை 7:52, பெரியம்மா: நான்தான் அணைக்கிறேன் ராஜா. இடி மின்னல் காலம், பயமாக இருக்கிறது. யூபிஎஸ் இருந்தவரை அணைத்ததில்லை, அணைத்தால் கீ கீ என்று கத்தும். அது ரிப்பேருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது.

காலை 7:54, ராஜா: மூன்று வாரமாகத்தானே இந்தக் கோளாறும்! பெரியப்பா, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, போட்டவுடன் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புகளின் திரை வரும். அதில் தேதியும் மணியும் என்ன என்று சொல்லுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

காலை 8:02, பெரியப்பா: ஜனவரி 1, 2011. மணி 00:57. அப்புறம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காலையில் முதலில் ஒரு கறுப்புத் திரை வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்திவிட்டுப் போய்விடுவேன்.

காலை 8:10, ராஜா: இன்று காலை சுவிட்சைப் போட்டது ஏழு மணி ஐந்து நிமிடம் வாக்கில் இருக்குமா? அதிலிருந்து 57 நிமிடம் ஓடியிருக்கிறது அந்தக் கடிகாரம். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. அதுதான் தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் மறக்காமல் வைத்திருப்பது. உங்களுடையது தீர்ந்துவிட்டது. ஆனாலும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் பகலில் வரவில்லை. யூபிஎஸ் இருந்தவரை பேட்டரி செத்ததே உங்களுக்குத் தெரியவில்லை.

காலை 8:13, சுரேஷ்: தேதி தவறினால் நீலத்திரை வருமா அண்ணா?

காலை 8:19, ராஜா: தேதியால் இல்லை. கூடவே, போர்டு டிஸ்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் 'சாட்டா மோட்' என்ற பயாஸ் அமைப்பும் பழையபடி மாறிவிடுகிறது. நேற்று போடும்போது அதை ஏஹெச்சிஐ என்று மாற்றித்தானே போட்டாய்?

காலை 8:20, சுரேஷ்: ஆமாம் அண்ணா. ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தது, எஸ்எஸ்டிக்கு ஏஹெச்சிஐதான் நல்லது என்று மாற்றினேன்.

காலை 8:24, ராஜா: சரியாகத்தான் செய்திருக்கிறாய். ஐடிஇ என்று பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழைய போர்டு எல்லாவற்றையும் மறந்தால் ஐடிஇக்குத் திரும்பிவிடும். ஏஹெச்சிஐயில் போட்ட விண்டோஸ் அந்த வழியில் டிஸ்கைத் தேடத் தயாராக இருக்காது. பெரியப்பா, சாட்டா மோட் இருக்கும் இடத்துக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். தேதியைச் சரிசெய்யுங்கள். சேமித்து வெளியே வர எஃப்10, பிறகு என்டர்.

காலை 8:37, பெரியப்பா: வந்துவிட்டது! முழுதாக வந்துவிட்டது ராஜா.

காலை 8:39, மீனா அத்தை: அப்பாடா!

காலை 8:41, சுரேஷ்: அப்படியானால் அழித்ததே தேவையில்லாத வேலையா அண்ணா?

காலை 8:44, ராஜா: ஆமாம் தம்பி. உன்னைக் குறை சொல்லவில்லை, கடையில் கொடுத்திருந்தாலும் பல பேர் முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், அதே மதர்போர்டு என்பதால் இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

காலை 8:58, பெரியப்பா: அம்மா பாட்டெல்லாம் தட்டச்சு செய்து வைத்திருந்தேனே, அந்த ஃபோல்டரைக் காணோம். திரையிலேயே ஓரமாக இருக்கும்.

காலை 9:01, சுரேஷ்: அப்பா, டி டிரைவில் இருந்ததெல்லாம் இருக்கிறது. டெஸ்க்டாப் அழித்த எஸ்எஸ்டியில் இருந்தது, அதை நான் பார்க்கவே இல்லை. மன்னித்துவிடுங்கள் அப்பா.

காலை 9:09, ராஜா: பெரியப்பா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்காக இருந்தால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்துத் தோண்டிப் பார்க்கலாம். எஸ்எஸ்டி அப்படி இல்லை. எந்தெந்த இடம் காலி என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும், 'டிரிம்' என்பார்கள். எஸ்எஸ்டி அந்த இடங்களைத் தானே துடைத்துவிடும். முயன்று பார்க்கிறேன், ஆனால் நம்பிக்கை இல்லை. யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா?

காலை 9:26, மீனா அத்தை: எனக்கு அனுப்பினீர்களே அண்ணா, பொங்கலுக்கு! தேடி எடுத்துவிட்டேன். 31 பாட்டு இருக்கிறது.
[பிடிஎஃப்]

காலை 9:31, பெரியப்பா: இதேதான் மீனா. இதற்குப் பிறகு ஆறு பாட்டு சேர்த்தேன். நடவுப் பாட்டு நான்கு, தாலாட்டு இரண்டு. அவை போனது போனதுதான்.

காலை 9:35, மீனா அத்தை: அந்த ஆறும் நான் பாடிக் கேட்டு நீங்கள் எழுதியதுதானே. மறுபடியும் பாடுகிறேன். குரல் செய்தியாகவே அனுப்புகிறேன், எல்லார் போனிலும் இருக்கட்டும்.

காலை 9:40, ராஜா: அத்தை, இது போதும். பிடிஎஃப் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் இருப்பதால் நகலெடுத்தால் வெறும் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. டி டிரைவில் இருக்கும் பழைய கடிதங்களும் இப்போது அப்படித்தான் தெரியும் பெரியப்பா, பாமினியைத் திரும்ப நிறுவினால் சரியாகிவிடும்.
பேட்டரியின் பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்த எண். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது எழும்பி வரும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். பிறகு ஒருமுறை தேதியும் ஏஹெச்சிஐயும்.

மாலை 5:48, பெரியப்பா: [படம்]
மாற்றிவிட்டேன். கடைக்காரர் பழையதை மீட்டரில் வைத்துப் பார்த்தார். 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.9தான் இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 6:36, பெரியம்மா: ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுத்தேன் ராஜா.

காலை 6:41, பெரியப்பா: இப்போதுதான் போட்டேன். கறுப்புத் திரையும் இல்லை, நீலத்திரையும் இல்லை. சுவர்க் கடிகாரம் 6:40, கம்ப்யூட்டரும் 6:40.

காலை 6:55, மீனா அத்தை: [குரல் செய்தி, 1:52]
முதல் நடவுப் பாட்டு. மூன்றாவது அடியில் ஒரு சொல் சந்தேகமாக இருக்கிறது அண்ணா, கேட்டுச் சொல்லுங்கள்.

காலை 7:03, பெரியப்பா: நாற்று இல்லை மீனா, நாத்து. அம்மா அப்படித்தான் பாடுவாள். அடுத்ததை அனுப்பு, தட்டச்சுக்கு உட்கார்ந்துவிட்டேன்.